கிளிமீன்

பெரியாஸ்பத்திரியில் ஏழு வருஷமாய்
சிலிண்டர் உருட்டுகிறேன்.
கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள்.
சாய்த்து, விளிம்பில் நிறுத்தித் திருப்பிக்கொண்டே போனால்
சத்தம் வராது, யாரும் விழிக்க மாட்டார்கள்.
முள் சிவப்புக்கு வருமுன்னே எனக்குத் தெரிந்துவிடும்.

மாமாவுக்கு ஒன்பது ராத்திரி மாற்றிக் கொடுத்ததற்குக்
காசு நீட்டினான் சீனி அபுதாகிர். வாங்கவில்லை.
"அப்ப ஞாயித்துக்கிழமை கீழக்கரைக்கு வாங்க."

படகில் என் முதுகில் ஒன்றைக் கட்டினான்.
மஞ்சள் சிலிண்டர். தட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
உள்ளே ஆக்ஸிஜன் இல்லையாம்.
கோரிப்பாளையம் சிக்னலில் இழுக்கிற
அதே காற்றுதானாம், அமுக்கி வைத்தது.
"மூச்சை மட்டும் நிப்பாட்டிராதீங்க" என்றான்.
யாரிடம் சொல்கிறான்!

கீழே
முதலில் என் சத்தம்தான்,
பதினோராம் கட்டில் இழுக்கிற மாதிரி.
அது அடங்கியதும்
எண்ணெயில் கடுகு போட்டதுபோல்
நாலாபக்கமும் பொரிந்தது.
இறால்களாம்.
சுகமாக இருக்கிற பவளப்பாறை ஓயாமல் சத்தம் போடுமாம்,
நோயில் விழுந்தால் அமைதியாகிவிடுமாம்.
இதைப் பிறகு படகில் வைத்துச் சொன்னான்.
எனக்குத் தெரியாதா.

மான்கொம்பு ஒரு காடு,
நுனிகளில் மட்டும் ஊதா.
தொடாமல் கைகட்டி மிதந்தேன்.
சாமந்தி மாதிரி விரிந்து சுருங்குகிற ஒன்றிலிருந்து
கட்டைவிரல் நீள மீன் பாய்ந்து வந்து
என் கண்ணாடியை முட்டியது,
பார்வை நேரம் முடிந்ததென்று விரட்டும்
ரீத்தாமேரி சிஸ்டரைப் போல.

பிறகு பச்சையும் ரோஸுமாய் ஒரு கூட்டம்
அலகால் பாறையைக் கரண்டிக்கொண்டே போனது.
கறுக். கறுக்.
வால் பக்கம் வெள்ளைத் தூள் புகையாய் இறங்கியது.
சீனி பலகையில் எழுதிக் காட்டினான்:
கிளிமீன். அது போடுறதுதான் மணல்.
எழுதிவிட்டு என் மீட்டரைத் திருப்பிப் பார்த்தான்.
முதல் தடவையாய்
என் முள்ளை இன்னொருத்தன் பார்க்கிறான்.

புதன்கிழமை, கரிமேடு.
ஐஸ்மேல் ஏழெட்டு.
பச்சை மங்கி, ரோஸ் மங்கி.
இந்த ஊரில் கிளி என்றால் தோளில் இருக்கும்.
"முள்ளு கம்மிண்ணே, வெட்டவா?"
வேண்டாம் என்றுதான் வாயெடுத்தேன்,
முக்கால் கிலோ என்று வந்தது.
மூக்கம்மா வயிற்றைக் கீறினாள்.
வெற்றிலைக்குத் தடவும் பதத்தில்
வெள்ளையாய் வழிந்தது.
"சுண்ணாம்பு தின்னுருக்கு பாரு."
வாளியில் வழித்துப்போடப் போனவளிடம்
கையை நீட்டினேன்.
பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
உள்ளங்கையில் வைத்தாள்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

நைட் டூட்டி.
எத்தனை கழுவியும் ரேகைகளுக்குள் நறநறப்பு.
பிடி நழுவி
வராந்தாச் சுவரில் ணங்கென்று இடித்தது சிலிண்டர்.
மூன்று நாளாய்ப் பேசாத பதினோராம் கட்டில்
கண்ணைத் திறந்து
"எவன்டா அவன், தூங்க விடாம" என்றது.

இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று
அங்கேயே நின்றேன்.