மணிக்கட்டு விளக்கு

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்று
பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன்.
அது நேராகப் போய்
அஞ்சலாட்சியின் இமைமேல் உட்காரும் என்பது
முதுநகரில் இந்த ஒற்றை அறைக்கு வந்தபின்தான் தெரிந்தது.

இரண்டே முக்காலுக்கு அவள் எழ வேண்டும்,
துறைமுகத்தில் மூன்றரைக்கு ஏலம்.
எனக்கு அரையாண்டு விடைத்தாள் எண்பத்திரண்டு.
தலைக்குமேல் ஒன்பது வாட் பல்பு.
புரண்டு படுப்பாள்,
முந்தானையை முகத்தில் இழுத்துக்கொள்வாள்,
ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.
சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

மேசை விளக்கு எழுநூற்றைம்பது என்றார் இஸ்மாயில் மரைக்கார்.
"கழுத்து ஆறு மாசத்துல தொங்கிடும் சார்" என்று
அவரே சொல்லிவிட்டு
ஒரு ஹோல்டர், மூன்று மீட்டர் ஒயர்,
அறுபத்தைந்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

காலண்டர் அட்டையைக் கூம்பாகச் சுருட்டினேன்.
உப்புக்காற்றைக் குடித்துக் குடித்து
நாலே நாளில் நனைந்த கோழி.
அடுத்தது எவர்சில்வர் கிண்ணம்.
ஓட்டை போட்டதில் ஆணி போச்சு, கிண்ணமும் போச்சு.
"சாம்பார் கிண்ணத்த ஏன் தொங்கவுட்டுருக்க?"
இதற்கு மட்டும் வாய் திறந்தாள்.

பீரோவுக்குப் பின்னால் இருந்தது எக்ஸ்ரே.
ஆடி மாதம் ஐஸ் பெட்டிமேல் வழுக்கி விழுந்து
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் எடுத்தது.
கருப்பு, வழவழப்பு,
ஈரம் ஒட்டாது, மடித்தால் உடையாது.
சேர்ந்துவிட்ட எலும்புக்குப் படம் எதற்கு?

பழைய கேள்வித்தாளின் பின்பக்கம் வரைந்தேன்:
தரை, எழுதும் பலகை, பல்பு, ஐந்தடி தள்ளி அவள் தலையணை.
பல்பிலிருந்து மறைப்பின் விளிம்பைத் தொட்டு ஒரு கோடு.
கோடு தரையில் இறங்கும் இடம்வரை என் விடைத்தாள்,
அதற்கப்பால் அவள் தூக்கம்.
கூம்பை இரண்டு விரல்கடை இறக்கினால் கணக்கு சரி.

கார்த்திகைப் புயல் முறித்த குடையின்
கம்பிகள் நாலு கூம்புக்கு விலா.
குடைத்தண்டு நிற்க ஒரு பெயிண்ட் டப்பா, நிறைய மணல்.
தண்டின் உச்சியில் குறுக்கே ஒரு கை, அதன் நுனியில் விளக்கு.
எடை, தூரம், திருப்புத்திறன்
எல்லாம் எழுதிப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் இரவு, ஐம்பத்தேழாம் தாள்மேல்
டப்பாவோடு கவிழ்ந்தது.
அறையெங்கும் மணல்.
கண்ணைத் திறந்தும் திறக்காமலும் எழுந்தவள்
மூலையில் தம்பி போட்டுவைத்த வலை மூட்டையைத் துழாவி
ஈயக்குண்டுகளை அள்ளிவந்தாள்.
நான் நடுவில் கொட்டப் போனேன்.
"பின்னாடி போடு வாத்தியாரே,
வெளக்கு தொங்கறதுக்கு எதிர்ப்பக்கம்."
போட்டோம். நின்றது.
நிற்பதைப் பார்க்க அவள் விழித்திருக்கவில்லை.

மணல் தட்டிய ஐம்பத்தேழில்
எவனோ ஒரு பையன் எழுதியிருந்தான்:
ஒளி இடுக்கு கண்டால் நுழையும்.
அரை மதிப்பெண் போட்டேன்.
பிறகு அடித்துவிட்டு ஒன்று போட்டேன்.

இரண்டே முக்காலுக்கு
கூடையை இடுப்பில் ஏற்றியவள் குனிந்து பார்த்தாள்.
கூம்பின் சுவர்ப்பக்கம்
வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது ஒரு மணிக்கட்டு.
"இது என் கையா?"
பக்கத்தில் தன் கையை நீட்டித் திருப்பினாள்.
"படத்துல விரிசல் நல்லாத்தான் தெரியுது.
மழைன்னா இன்னும் குத்துது, அது எங்க தெரியுது?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்:
ஈயம் தம்பியோடது,
பொங்கல் கழித்து வலை கட்டக் கேட்பான்.

மொத்தச் செலவு தொண்ணூற்றிரண்டு ரூபாய், கிண்ணம் சேர்க்காமல்.
பொங்கலுக்குள்
கனமான வேறு எதையாவது தேட வேண்டும்.