வரிசை எண் பதினேழு

மஞ்சள் கடுதாசி மஞ்சளாக இல்லை.
வெள்ளைத் தாள், இரண்டு பக்கமும் டைப் அடித்து,
இடது மூலையில் துளையிட்டு
குமாஸ்தா நூல் கோத்திருந்தார்.
கல்யாணப் பத்திரிகைக்குத்தான்
நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம்.

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில்
ருத்ரமூர்த்தி வக்கீல் சொல்லியிருந்தார்:
யாரையும் விடக்கூடாது கலியமூர்த்தி,
விட்டால் மறைத்ததாக ஆகும்.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.
ஒன்று, பேங்க். இரண்டு, அதே பேங்கின் கார்டு.
மூன்று முதல் ஒன்பது வரை ஃபைனான்ஸ்காரர்கள்,
அவர்களுக்குள் பங்காளிகள்.
பத்து, கோயமுத்தூர் பம்ப் கம்பெனி.
பதினொன்று, மைத்துனன்.
அதை எழுதும்போது தவமணி
ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை
மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மொய் நோட்டையும் கொண்டுபோய்க் காட்டினேன்.
எனக்கு எழுதியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்,
இன்னும் நான் திருப்பிச் செய்யாதவர்கள் நாற்பது.
இது கடனில் வராது என்று சிரித்தார்.
சட்டம் எங்கள் ஊரில் பந்தி சாப்பிட்டதில்லை.

சொத்துப் பட்டியல் சின்னது.
துறைமுகச் சாலைக் கடை வாடகைக்கு.
உள்ளே படகு எஞ்சின் உதிரிகள்,
தண்ணீர் புகுந்த ஐப்பசியில் துருவேறிய
இரண்டு அலமாரி பேரிங்குகள்.
சமைக்கும் பாத்திரம், உடுத்தும் துணி, படுக்கை
எடுக்க மாட்டார்களாம்.
தொழில்கருவியும், குறைந்த விலையென்றால், நமக்கே.
மனிதன் என்று கோர்ட் எதைச் சொல்கிறது என
அன்றைக்குத் தெரிந்தது:
ஒரு குண்டான், ஒரு பாய்,
ஒரு பதினாலாம் நம்பர் ஸ்பானர்.

பதினேழு, அஞ்சலாட்சி, மீன் வியாபாரம், அக்கரைக்கோரி.
ரூபாய் இருபத்திரண்டாயிரம். ஆதாரம்: இல்லை.

மறுவாரம் அவளே வந்தாள்,
கூடைக்குள் பாலிதீனில் சுற்றிய ரிஜிஸ்தர் தபாலோடு.
கோர்ட்டுலேர்ந்து வந்திருக்காம் தம்பி,
படிச்சு சொல்லு,
எனக்குத் தெரிஞ்சு படிச்சவன் நீதான்.

படித்தேன்.
மேற்படி மனுதாரர் தமது கடன்களைத்
தீர்க்க வகையற்றவராகி...
யாரு அவன், என்றாள்.

நான்தான்.

மண்ணை வாரித் தூற்றவில்லை.
ஐஸ் உருகுதுடா என்று
ஆட்டோக்காரனைப் பார்த்துக் கத்தினாள்.
பிறகு மெதுவாக,
குழுவுல எடுத்துக் குடுத்தது தம்பி,
மாசம் ஆயிரத்து நூறு கட்டிக்கிட்டிருக்கேன்.
பத்தொன்பதாம் தேதி வரச் சொல்லியிருக்கு, என்றேன்.
வரலைன்னா?
வரலைன்னா ஒண்ணுமில்லை.
வந்தாலும் ஒண்ணுமில்லை என்பதைச்
சொல்ல வாய் வரவில்லை.

வந்தாள்.
ஃபைனான்ஸ்காரர்கள் வக்கீல்களை அனுப்பியிருந்தார்கள்.
அவள் மட்டும் தானே வந்து
மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.
கூடை இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தாள்.
டவாலி என் பெயரை மூன்று முறை கூவினான்,
கெடிலத்துக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.
பதினேழை யாரும் கூப்பிடவில்லை.
வாய்தா.

இரண்டு மூன்று வருஷத்தில் விடுதலை என்கிறார் வக்கீல்.
அதுவரை தேர்தலில் நிற்க முடியாது.
நின்றால் தவமணியே ஓட்டுப் போடமாட்டாள்.
ஜாமீன் கையெழுத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை,
நிம்மதி.
எதிரே வரும் சொந்தக்காரர்களுக்குத்தான்
திடீரென்று செருப்பு வார் அவிழ்ந்துவிடுகிறது.
ஆளுக்கு ரூபாய்க்கு நாலணா தேறலாம்,
தேறாமலும் போகலாம்.

அன்றைக்கு அவள் விற்காத மீன்,
சங்கராவும் கொஞ்சம் காரைப்பொடியும்,
எழுநூறு ரூபாய் வைக்கலாம்.
போக வர பஸ் செலவில்லை, பெண்களுக்கு இலவசம்.
எழுநூறு.
காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து
ஸ்பானர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

வக்கீலிடம் சொல்லவில்லை.
மறைத்ததாகத்தான் ஆகும்.