சுரங்கத்தில் உழைக்காதது

ஓஸ்ட்ராவா தபால் நிலையம், நான்காம் ஜன்னல்.
பதினேழு வருஷமாகப் பொட்டலம் நிறுக்கிறேன்.
கையில் வாங்கும்போதே கிராம் சொல்லிவிடுவேன்,
தராசு அப்புறம் ஆமோதிக்கும்.
அதனால்தான் லுபோர் தன் போனைக்
கண்ணாடிக்கு அடியில் நீட்டினார்.

ஏலத்தில் ஒரு பவர் சப்ளை.
எண்ணூற்றைம்பது வாட். தங்கத் தரம்.
அனுப்பும் எடை: எழுநூறு கிராம்.
"செம்பு எங்கே?" என்றேன்.
நிஜமான எண்ணூற்றைம்பது என் மணிக்கட்டை இழுக்கும்;
இது மாவுப் பொட்டலத்தைவிட லேசு.
படத்தைப் பெரிதாக்கினார். பக்கச் சீட்டில் பொடி எழுத்து:
பன்னிரண்டு வோல்ட், பதினெட்டு ஆம்பியர்.
பழைய உறையின் பின்புறம் பெருக்கினேன்.
இருநூற்றுப் பதினாறு.
மிச்சம் அறுநூற்றுச் சொச்சம் வாட்
அச்சடித்தவன் மையில் எரிகிறது.

இரண்டு பியர் விலைக்குப் பதினாறு டெராபைட் கண்டோம்.
அதற்கு நாங்கள் சிரிக்கக்கூட இல்லை.
ஏட்டுச் சுரைக்காய்; காம்புகூட வரையவில்லை.

"சோதித்துப் பார்க்கவில்லை" என்கிறார் ஒருவர்.
செருகிப் பார்க்காத கை உண்டா உலகத்தில்?
பார்த்தாயிற்று, எரியவில்லை
என்று அதைப் படிக்க வேண்டும்.

பிறகு அந்த கிராபிக்ஸ் கார்டு.
ஒரே உரிமையாளர். புகை பிடிக்காத வீடு.
கொட்டை எழுத்தில்:
சுரங்கத்தில் உழைக்காதது.

லுபோர் அதை இரண்டு தடவை படித்தார்.
கர்வினாவில், பூமிக்கு அடியில்
இருபத்தாறு வருஷம் நிலக்கரி வெட்டியவர்.
இது கணினிக் காசு தோண்டுகிற சுரங்கம், கரி அல்ல என்று
அவருக்கும் தெரியும். ஆனாலும்
விரல் அந்த வரியிலேயே நின்றது.

"பார், ட்ரஹோமிரா. திருகுத் தலையெல்லாம் தேய்ந்திருக்கு.
நாலு தடவையாவது கழற்றியிருக்கான்.
விசிறி பளபளக்குது; மூலையில் பலகை மட்டும்
வெந்து பழுப்பேறிக் கிடக்கு.
மருத்துவப் பரிசோதனை அன்றைக்கு
நாங்களும் இப்படித்தான் தேய்த்துத் தேய்த்துக் குளிப்போம்.
இமையோரம் மை தீட்டியதுபோல் ஒரு கோடு,
அது மட்டும் போகாது."

வரிசையில் பின்னால் நின்ற அம்மாள்
தொண்டையைச் செருமினாள். பென்ஷன் நாள்.

அங்கேயே நின்று விற்பவனுக்கு எழுதினார்.
"எத்தனை மணி நேரம்?" அவ்வளவுதான். வணக்கம்கூட இல்லை.
இரவு பதில் வந்ததாம்:
ஸ்னோய்மோ பக்கம், கோழி இல்லாத கோழிக் கொட்டகை.
இரண்டு வருஷம், பகலும் ராத்திரியும்.
ஒரு விசிறி மாற்றினேன். இன்னொன்று முனகும்.

பழைய ஏலத்தை நிறுத்திப் புதிதாகப் போட்டிருந்தான்,
முனகலையும் சேர்த்து.
யாரும் கேட்கவில்லை. லுபோர் மட்டும்
தொள்ளாயிரம் கொருணா கேட்டார், கிடைத்தது.
டிராம் ஓட்டுகிற விளையாட்டுக்கு இது தாராளமாம்.
"முனகுகிறவனோடு ஷிப்ட் பார்த்துப் பழக்கம் எனக்கு."

வியாழன் வந்தது பொட்டலம்.
விளம்பரத்தில் ஆயிரத்து நூறு கிராம்.
கையில் வாங்கினேன்: "ஆயிரத்து நூற்றிருபது."
தராசும் அதையே சொன்னது.
"இருபது கூட இருக்கே," என்றார்.
ஒட்டுநாடாவாக இருக்கும் என்றேன்.

"தூசி," என்றார் லுபோர்,
பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு.