ரெகுலேட்டர் வைத்த நாற்காலி

இடிக்கிறவர்கள் இடித்து முடித்தபின்
என் டிராக்டருக்குப் போன் வரும்.
லோடு ஆயிரத்து எண்ணூறு.
எங்கே கொட்டுகிறாய் என்று
இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் நொய்யல் என்று சொல்லியிருப்பேன்,
ராத்திரி பதினொன்றுக்கு மேல்,
லைட்டை அணைத்துவிட்டு.

போன பங்குனியில் டிரெய்லரின் ஜாக்கி மக்கர் பண்ணி
காரணம்பேட்டையில் எங்கள் வாசலிலேயே
மூன்று நாள் நின்றது ஒரு லோடு.
வசந்தாமணி பனியன் கம்பெனியில்
பதினாறு வருஷம் செக்கிங் பார்த்தவள்.
நூல் விட்ட இடத்துக்குக் கண் தானாகப் போகும்.
மூன்றாம் நாள் மண்ணுக்குள் கையை விட்டு
"ஏனுங், பாதிக்கு மேல பாஸ் ஆகுதுங்களே" என்றாள்.

முதலில் வந்தது ஆடு.
எட்டு எம்எம் கம்பியை வளைத்து நாலு கால்,
சென்ட்ரிங் பலகையில் முதுகு,
குழாயின் எல்போ ரெண்டு, கொம்புக்கு.
பக்கத்துத் தோட்டத்துக் கிடாய் வந்து
ஒரே முட்டு.
தலையை உதறிக்கொண்டு திரும்பிப் போனது.
தாராளமாக உட்காரலாம் என்று
அன்றைக்குத்தான் நம்பினேன்.

அப்புறம் ஜன்னல் பெஞ்சு.
ரெண்டு பேர் உட்காரலாம்,
நடுவே கொக்கி போட்ட ஒற்றைக் கதவு.
பேச்சு முற்றினால் சாத்திக்கொள்ளலாம்.
விற்பதற்குமுன் எங்களுக்கே உதவியது:
ரெண்டு நாள் சாத்தியே கிடந்தது.
மூன்றாம் நாள் காலையில்
கொக்கி கழலும் சத்தம்,
பின்னாலேயே ஒரு டீ டம்ளர்.

பற்றவைப்பது நான்.
எங்கே என்று சாக்பீஸில் கோடு போடுவது அவள்.
டைல்ஸ் உடைசல் பதித்த டீப்பாயில் மட்டும்
ரெண்டு பேருக்குமே கணக்குத் தப்பியது.
தூக்க நாலு ஆள் வேண்டும்.
அதற்கடியில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது,
மயில் நிற டைல்ஸின் நிழலில்.

தேக்கு வாசக்காலை அறுத்துச் செய்தது
சாய்வு நாற்காலி.
வலக்கைப் பக்கம் ஃபேன் ரெகுலேட்டர், ஒன்றிலிருந்து ஐந்து.
இடப்பக்கம் சுவிட்சுப் பெட்டி, நாலு கறுப்புக் குமிழ்.
ஒயர் எங்கேயும் போகவில்லை.
உட்காருகிறவர் எல்லாரும் திருப்பி ஐந்தில் வைக்கிறார்கள்.
ஆடி மாதம் என்றால் பிரச்சினை இல்லை,
மீதியைப் பாலக்காட்டுக் கணவாய் பார்த்துக்கொள்ளும்.
சித்திரையில் வருகிறவர்களிடம்
"கரண்ட் இல்லீங்" என்பாள், முகம் மாறாமல்.

வாங்க வந்தவர் காரை விட்டு இறங்கியதும்
எனக்குத் தெரிந்துவிட்டது.
ஆர்.எஸ்.புரம், மூலை வீடு, ஏழு லோடு.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
உட்கார்ந்தார்.
புது வீட்டு பால்கனியின் அளவைச் சொல்லிக்கொண்டே
இடது கை, பார்க்காமலே போய்,
மூன்றாவது சுவிட்சைத் தட்டியது.
"என்னமோ பழகின கணக்கா இருக்குதுங்" என்றார்.
வசந்தாமணி என்னைப் பார்த்தாள்.
நான் ஆட்டைப் பார்த்தேன்.
எட்டாயிரம் என்றுதான் பேசி வைத்திருந்தோம்.
எட்டாயிரத்து ஐந்நூறு என்றாள்.
கழித்துப் போட்ட சாமானுக்கா என்று
கொஞ்சம் இழுத்துவிட்டுக் கொடுத்தார்.

நொய்யல் பக்கமே போவதில்லை என்று சொன்னால் பொய்.
பூச்சு உதிர்ந்த தூளை என்ன செய்ய என்று
அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை.

எனக்கென்று வைத்துக்கொண்டது ஒன்றுதான்:
ஒரு சாண் உயரத்தில் கான்கிரீட் கட்டி.
இருபத்தெட்டாம் நாள் மிஷினில் வைத்து
நொறுக்கிப் பார்க்க வார்த்தது.
தேதி எழுதியிருக்கிறது, எம் இருபது என்றும்.
யாரோ மறந்துவிட்டார்கள்.
எவ்வளவு தாங்கும் என்று ஒருத்தருக்கும் தெரியாது.
சாயங்காலம் அதில்தான் உட்காருகிறேன்,
முழங்கால் தாடையில் இடிக்க.
எண்பத்திரண்டு கிலோ.
இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.