ஆறாம் எண் கணினி

சாட்ஸ்வொர்த் நூலகத்துக்கு வடிகட்டி போட்டவன் நான்தான்.
தடுத்த பக்கத்தை யார் தட்டினாலும்
அடுத்த நொடி எனக்கு ஒரு மின்னஞ்சல்.
அமைக்க இருபது நிமிடம்,
அதில் பாதி, கடவுச்சொல்லை மறந்த
திருமதி மூட்லிக்குப் போயிற்று.

முதல் வாரம் சூதாட்டம், கால்பந்துப் பந்தயம்,
பள்ளிப் பையன்களின் வழக்கமான ஆசைகள்.
சிரித்துக்கொண்டே அழித்தேன்.

பிறகு ஆறாம் எண்.
செவ்வாய் 3.42.
புதன் 3.40.
வியாழன் 3.42, 3.43, மறுபடி 3.43.
காரணம்: வன்முறை.

முகவரியை அன்றுதான் முழுதாகப் படித்தேன்.
வீட்டில் அடிபடும் பெண்களுக்கு
அடைக்கலம் தரும் இடம்.
டர்பனிலேயே. பேருந்தில் அரை மணி.

அந்தச் சொல் இருந்தால் மூடு என்றேன், மூடியது.
யார் மேல் எழுதியிருக்கிறது, யாருக்காக எழுதியிருக்கிறது
என்று நான் சொல்லித் தரவில்லையே,
எந்திரத்தை என்ன குறை சொல்ல.

பதிவேட்டில் பெயர் இருக்கும்.
கை போனது.
எடுத்துக்கொண்டேன்.
அந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு
ஆறாம் எண் நாற்காலியை
முதுகுக்குச் சுவர் வரும்படி நகர்த்திப் போட்டேன்.
'ஏன் லோகா, அங்கே வெயில் அடிக்குமே?'
'அடிக்கட்டும் மேடம்.'

வெள்ளி. மூன்றரையிலிருந்து
அஞ்சல்பெட்டியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
3.42.
3.50.
நாலரைக்கு டிங் என்றது. தூக்கிவாரிப் போட்டது.
இரண்டாம் எண், குதிரைப் பந்தயம்.

பூட்டப் போகையில்
அச்சுப்பொறித் தட்டில் ஒற்றை ராண்ட் நாணயம்,
கணக்கில் ஒரு தாள்.