புள்ளித்தாள்

முதலாம், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்பு மை.
இரண்டுக்கும் நான்குக்கும் கறுப்பு.
விதி அப்படி. ஆக, வருடத்தில் ஒரு சனிக்கிழமை
வாக்குவா மைதானத்தில்
தீவின் பெரும்புள்ளிகள் அத்தனை பேருக்கும்
கரும்புள்ளி செம்புள்ளி குத்துகிறவள் நான்.

இருபத்தாறு தாள்கள், பிஸ்கட் டின்னில்.
நகல் என்னிடம்.
மூலம் சம்மேளனத்துக் கரையானிடம்.

நட்சத்திர ஆட்டம் என்று பெயர் வைத்தது யாரோ.
முதல் வருடம் நட்சத்திரங்கள் நிஜமாகவே தெரிந்தன,
கூரை இல்லை.
மேட்டு அணி 41, கரை அணி 38,
மூன்று பேருக்கு மூக்கில் ரத்தம்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தெசிரே
வெறுங்காலோடு வந்தான்.
ரெஃபரி தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு
சாக்ஸோடு ஓடி விசிலடித்தார்.

மூன்று புள்ளிக் கோடு வந்த வருடம்
கையால் பெயின்ட் அடித்தார்கள்.
கிழக்கு வளையத்துக்கு ஒரு முழம் கிட்டே விழுந்துவிட்டது.
லி ஷிங் கடைப் பையன் அதைக் கண்டுகொண்டான்,
வாய் திறக்கவில்லை.
ஒன்பது தடவை மூன்று.

காவடிக்கு மறுநாள் ஆட்டம் வைத்த வருடம்
எங்கள் ஆட்கள் நாலு பேர்
அலகு குத்திய கன்னத்தில் விபூதி அப்பி வந்தார்கள்.
பத்து நாள் விரதத்தின் பசி.
இடைவேளையில் பருப்பு வடையை,
இங்கே அதற்குக் கட்டோ பிமாங் என்று பெயர்,
எண்ணெய் வடிய வடியத் தின்றார்கள்.
இரண்டாம் பாதியில் யாருக்கும் ஓட முடியவில்லை.

சூறாவளிக்கு மூன்றாம் எச்சரிக்கை ஏறி
ஆட்டமே நடக்காத வருடம் ஒன்று.
அதற்கும் தாள் இருக்கிறது:
தேதி, இடம், என் கையெழுத்து,
மிச்சம் வெள்ளை.

பிறகு கூரை வந்தது. ஸ்பான்சர் வந்தது.
கூப்பன் வெட்டி ஓட்டுப் போடச் சொன்னது பத்திரிகை.
ஸ்கோர் 90, 112, 140 என்று வீங்கியது,
யாரும் யாரையும் தடுப்பதில்லை என்பதால்.
விருந்தில் பரிமாறுகிறவன் கையைப் பிடித்துப்
போதும் என்று யார் சொல்வார்கள்?

மருதமுத்துவுக்கு ஒரு ஓட்டும் விழுந்ததில்லை.
பதிவேட்டில் மார்தேமூத்தூ,
எப்படி எழுதினாலும் என் கட்டத்துக்குள் அடங்காத பெயர்.
பஸ் கண்டக்டர்.
லீக் முழுக்க அவனைத் தாண்டிப் போனவர்கள்
விரல்விட்டு எண்ணும்படிதான்.
ஆனால் தடுப்புக்குத் தாளில் கட்டம் கிடையாது.
போட்டவனுக்குப் புள்ளி.
தடுத்தவன் என் தாளில் தப்பாக மட்டுமே வருவான்.
ஐந்து கட்டம், ஐந்து தப்பு, வெளியே.

தொண்ணூற்றேழில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது.
வேறு ஆளில்லாமல் இவனைக் கூப்பிட்டார்கள்.
டிக்கெட் பையை என் மேசைக்கடியில் வைத்துவிட்டு இறங்கினான்.
இது விருந்தென்று அவனிடம் யாருமே சொல்லவில்லையா?
நட்சத்திரம் ஒன்று
கேமராவைப் பார்த்துக்கொண்டே எழும்பியது.
கை ஒன்று வந்தது.
பந்து என் தண்ணீர் கிளாஸைக் கவிழ்த்தது.

ஊளையிட்டார்கள். காகிதக் கோப்பை எறிந்தார்கள்.
அவன் மறுபடியும்.
பார்த்து ஆடப்பா என்று கோச் கை காட்டினார்.
தலையாட்டினான். மறுபடியும்.
ஊளை எப்போது நின்றதென்று தெரியவில்லை,
என் கையில் அப்போது சிவப்புப் பேனா இருந்தது.
நட்சத்திரங்களுக்கு வியர்த்தது.
ஆத்திரம் தாங்காமல்
நிஜமாகவே ஆடத் தொடங்கினார்கள்.

71, 70. கடைசி நொடிவரை யாரும் உட்காரவில்லை.

மருதமுத்து: பூஜ்யம்.
கணக்கு சரிதான்.
பென்சிலை எடுத்து, ஓரத்தில், கடுகளவாய்,
அவனுக்கும் புள்ளி வைத்தேன்.
பதினொன்று.

சம்மேளனத்தில் கேட்டார்கள்,
ஓரமெல்லாம் இதென்ன அழுக்கு?
வாக்குவாவில் எந்நாளும் மழைதானே.
ஒழுகுகிறது என்றேன்,
உங்கள் புதுக் கூரை.