ஆறாவது சல்லடை

பஸ்ஸில் பக்கத்து ஸீட் பையன் தும்மினான்.
சட்டைக்கையில் மூக்கைத் துடைத்தபடி
கட்டபெட்டில் இறங்கிப் போய்விட்டான்.
அவனுக்கு அது ரெண்டு நாள் ஜலதோஷம்,
ஒரு நாள் ஸ்கூல் லீவு.

எனக்கு முதல் நாள் சளி வெள்ளை.
கண்ணாடி டம்ளரில் துப்பி
ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
இருபத்தாறு வருஷம் ஃபாக்டரியில் தூள் தரம் பிரித்தவளுக்கு
நிறம் பார்க்க யாரும் சொல்லித் தர வேண்டாம்.
மூன்றாம் நாள் மஞ்சள்.
மஞ்சளுக்கே வந்துவிடு, பச்சைக்குக் காத்திருக்காதே என்று
கோத்தகிரி டாக்டர் சீட்டின் பின்பக்கம் எழுதியே கொடுத்திருந்தார்.
சீட்டு அரிசி டப்பாவில் இருந்தது.
வெளியே ஐப்பசி மழை. ஜீப்புக்கு ஐநூறு.
காத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் பச்சை.
கொழுந்தின் பச்சை இல்லை.
மூட்டையில் மறந்துபோன இலை
அடியில் சூடேறிக் கசகசக்குமே, அது.

பீடி குடிப்பியாம்மா என்று முதல்முறை கேட்டிருந்தார்கள்.
ஈரச் சீகை விறகைச் சொல்ல மறந்து
சல்லடை ரூமைப் பற்றிச் சொன்னேன்.
ஐந்தாவது சல்லடையில் விழுவதற்குப் பெயரே டஸ்ட்.
அதற்கும் கீழே பறப்பதற்கு ஏலத்தில் விலையில்லை.
அதைப் பிடிக்கத்தான் ஆறாவதாக
என்னை உட்கார வைத்திருந்தார்கள்.
டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அன்று ராத்திரி ஒன்பதுக்குக் கரண்ட் போனது.
நெபுலைசர் பாதிப் பேச்சில் நின்றது.
விரலில் மாட்டிய சின்ன டப்பா மட்டும்
பேட்டரியில் எரிந்தது: எண்பத்தாறு. எண்பத்துநாலு.
மூச்சு உள்ளே போகவில்லை என்று நினைக்கிறார்கள்.
போனது வெளியே வருவதில்லை, அதுதான் விஷயம்.
உள்ளே இருப்பவன் இறங்கினால்தானே
வாசலில் நிற்பவன் ஏற முடியும்?

வார்த்தைகளை மூன்று மூன்றாகச் செலவழித்தேன்.
பிறகு ஒவ்வொன்றாக.
பிறகு சுகிர்தாவின் கையை மட்டும் அமுக்கினேன்.
நூற்றியெட்டுக்கு அடித்தாள்.
ரெண்டு வளைவு தள்ளி மண் சரிந்திருக்காம்,
ஜேசிபி வந்துகொண்டே இருக்காம்.
லைன் முழுக்க இருட்டு.
மேட்டில் ஒரே ஒரு கட்டடத்தில் வெளிச்சம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து
பெள்ளிராஜும் அவன் மச்சானும் தூக்கினார்கள்.
வேலையை விட்ட அன்று
இந்தக் கேட்டுக்குள் இனிக் கால் வைக்க மாட்டேன் என்றிருந்தேன்.
வைக்கவில்லை.
நாற்காலியில்தான் போனேன்.

கீழே வேண்டாம், தூள் பறக்கும் என்று
நைட் சூப்பர்வைசர் நஞ்சுண்டன்
மாடிக்கு, வாடல் தொட்டி பக்கம் ஏற்றச் சொன்னார்.
ஜெனரேட்டர் உறுமியது. பிளக்கைச் சொருகினார்கள்.
மாஸ்க்குக்குள் மருந்து மறுபடி பனியாக எழுந்தது.

நீளத் தொட்டியில் சாண் உயரத்துக்கு இலை.
அடியில் விசிறி, விடிய விடிய.
எந்த இலைக்கும் மூச்சு முட்டக் கூடாது.
எத்தனை மணிக்குக் காற்று, எத்தனை மணிக்கு நிறுத்தம்,
எல்லாம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.
இதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்,
இருபத்தாறு வருஷமும்.

கோபம் வந்தது.
கோபப்பட மூச்சு வேண்டும்.
தள்ளி வைத்தேன்.

எண்பத்தெட்டு. தொண்ணூறு.
மூன்று மணிக்கு வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள்.
பழையபடி ஆயிடுவேனா என்றதற்கு
கிட்டத்தட்ட என்றார் டாக்டர்.
அந்தக் கிட்டத்தட்ட எவ்வளவு என்று
குழாயடிக்குப் போகும்போது தெரிந்தது:
வழியில் ஒரு இடத்தில் நிற்பேன்.
இப்போது ரெண்டு.

நேற்று பஸ்ஸில் அதே பையன்.
நான் கம்பியைப் பிடித்து இரைப்பதைப் பார்த்து
நகர்ந்து இடம் விட்டு,
உக்காருங்கம்மா என்றான்.
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
நல்ல பையன்.
முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு
நின்றுகொண்டே இருந்தேன்,
அடுத்த வளைவு வரை.